மறைவிட வலியும் வைத்தியப் புரட்டும்

மனிதனுக்கு வருகின்ற நோய்களில், வெளியில் சொல்லக் கூடிய நோய் என்றும், வெளியில் சொல்லக் கூடாத நோய் என்றும் இரண்டு ஜாதிகளை நம் மக்கள் ஏற்படுத்தி வைத்திருக்கின்றார்கள். தலைவலியோ, காய்ச்சலோ, பல்வலியோ வந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் முதல் சந்தையில் காய் விற்பவள் வரையில் எல்லோரிடமும் சொல்லி மருந்து கேட்கின்றோம். ஆனால் தொப்புளுக்குக் கீழே, தொடைக்கு மேலே உள்ள இடத்தில் ஒரு ஆண்பிள்ளைக்கு வலி கண்டுவிட்டால், அவன் பெற்ற தாயிடமும் சொல்லுவதில்லை. கட்டின மனைவியிடமும் சொல்லுவதில்லை. கூடப் பிறந்த அண்ணன் தம்பியிடமும் சொல்லுவதில்லை. வருஷக் கணக்காய் வாயை மூடிக்கொண்டு, இரவில் தூக்கமின்றிப் புரண்டு, கடைசியில் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தையோ, கைப்பேசியில் வரும் விளம்பரத்தையோ பார்த்து, ஏதோ ஒரு ஊர் லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து தங்கும் ஒரு வைத்தியரிடம் திருட்டுத்தனமாய்ப் போய்ச் சேருகின்றான். போன இடத்தில் அவன் பணத்தை இழப்பதோடு நில்லாமல், தன்னைப் பற்றிய மதிப்பையும் இழந்துவிட்டு வருகின்றான். இந்த அக்கிரமத்தைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

முதலில் நோய் இன்னதென்று தெரிந்து கொள்ளுவோம். ஆண்களுக்கு மூத்திரப் பைக்கு அடியில், மூத்திரக் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்னும் சுரப்பி ஒன்று இருக்கின்றது. விந்தோடு கலக்கும் நீரில் ஒரு பாகத்தை உண்டாக்குவது இதன் வேலை. விதைப் பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலோ, அடிவயிற்றிலோ, விதையிலோ, குறியின் நுனியிலோ, இடுப்பின் கீழ்ப் பாகத்திலோ ஓயாத வலி. அடிக்கடி நீர் போக வேண்டுமென்ற உணர்ச்சி. போய் வந்த பிறகும் மீதியிருப்பது போன்ற எண்ணம். விந்து வெளியாகும்போதோ அதன் பின்னோ வலி. இவைகள் மூன்று மாதத்திற்கு மேல் விட்டுவிட்டாவது தொடர்ந்து வந்தால், டாக்டர்கள் அதை நாட்பட்ட புராஸ்டேட் நோய் என்றும், நாட்பட்ட இடுப்புக்குழி வலி என்றும் சொல்லுகின்றார்கள். இது ஏதோ ஆயிரத்தில் ஒருவனுக்கு வரும் அதிசயமல்ல. பல நாடுகளில் எடுத்த கணக்குகளின்படி ஆண்களில் 100-க்கு 2 பேர் முதல் 10 பேர் வரையில் இவ்வித வலியுள்ளவர்களாய் இருக்கின்றார்கள். கிழவர்களுக்கு மாத்திரம் வருவதும் அல்ல. நல்ல வாலிபத்திலும், நடு வயதிலும் இருப்பவர்களே இதில் அதிகம் அகப்படுகின்றார்கள். ஆகவே இதை வாசிக்கின்றவர்கள் கூடும் எந்தக் கூட்டத்திலும் இரண்டொருவராவது இதை அனுபவித்துக் கொண்டு, ஒன்றும் இல்லாதவர் போல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இப்படிப்பட்டவன் லாட்ஜ் வைத்தியரிடம் போனவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன? “சின்ன வயதில் கைப்பழக்கம் உண்டா?” என்பதுதான். உலகத்தில் பெரும்பாலான ஆண்பிள்ளைகளுக்கு உண்டான பழக்கமாகையால் இவனும் தலை குனிந்து “உண்டு” என்கின்றான். அவ்வளவுதான். “அதனால்தான் உன் தாது நஷ்டமாகி நரம்பு தளர்ந்துவிட்டது, இனி உனக்குப் பிள்ளை பிறக்காது, உடனே இந்த லேகியத்தையும் பஸ்பத்தையும் ஒரு மண்டலம் சாப்பிடு” என்று ஒரு பெரிய தொகையைக் கறந்துவிடுகின்றார். ஜோசியன் “உனக்கு மனக்கவலை இருக்கின்றது” என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். கவலையில்லாதவன் ஜோசியனிடம் போவதில்லை. அதுபோலவே இந்தக் கேள்விக்கு “இல்லை” என்று சொல்லக் கூடியவனும் அநேகமாய் உலகத்தில் இல்லை.

தாது நஷ்டம் என்னும் இந்தக் கதையைச் சற்று கணக்குப் போட்டே பார்ப்போம். 40 வேளைச் சோறு ஒரு சொட்டு இரத்தமாகின்றது என்றும், 40 சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து ஆகின்றது என்றும் சொல்லுகின்றார்கள். சிலர் 60 என்பார்கள்; சிலர் 100 என்பார்கள். நாம் குறைந்த கணக்கையே எடுத்துக் கொள்ளுவோம். ஒரு தடவை வெளியாகும் விந்து சுமார் 3 மில்லி லிட்டர். அதாவது சுமார் 60 சொட்டு. அதற்கு வேண்டிய இரத்தம் 2,400 சொட்டு. அந்த இரத்தத்திற்கு வேண்டிய சோறு 96,000 வேளை. நாள் ஒன்றுக்கு மூன்று வேளை வீதம் சாப்பிட்டாலும் 32,000 நாள், அதாவது 87 வருஷத்துக்கு மேல் சாப்பிட வேண்டும்! அப்படியானால் ஒரு மனிதன் பிறந்தது முதல் விடாமல் சாப்பிட்டு, 87-வது வயது தாண்டித்தான் ஒரே ஒரு தடவை மனைவியைக் கூட முடியும். நம் நாட்டு ஜனத்தொகையைப் பார்த்தால் இந்தக் கணக்கின் யோக்கியதை விளங்கவில்லையா? விந்து இரத்தத்தைக் காய்ச்சி வடித்த சத்தல்ல. அதில் பெரும் பாகம் விந்துப் பைகளிலும், மற்றொரு பாகம் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுகின்ற நீரேயாகும். எச்சில் எப்படி ஊறுகின்றதோ அப்படியே அதுவும் ஊறுகின்றது. எச்சில் துப்பியதால் நரம்பு தளர்ந்தவன் யாராவது உண்டா?

இந்த மூடநம்பிக்கை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்றும் எண்ணிவிட வேண்டாம். சுவிட்சர்லாந்து டாக்டர் திஸ்ஸோ என்பவர் 1760-ல் கைப்பழக்கத்தால் சகல நோய்களும் வருமென்று புத்தகம் எழுதி ஐரோப்பா முழுவதையும் மிரட்டினார். பிரான்ஸ் தேசத்து டாக்டர் லாலமாந் என்பவர் 1836 முதல் விந்து நஷ்டத்தைப் பற்றிப் பெரிய நூல்களை வெளியிட்டு, அதற்கு வைத்தியமென்று மூத்திரக் குழாய்க்குள் வெள்ளிக் காரத்தை விட்டுச் சுட்டார். படித்தவர்களும் பட்டதாரிகளும் இதை விஞ்ஞானம் என்றே நம்பினார்கள். பிறகு ஆராய்ச்சி வளர வளர, அந்த நாடுகள் இதைக் குப்பையில் எறிந்தன. நம் நாட்டிலோ, விந்து போகின்றது என்ற பயத்தினாலேயே வாலிபர்கள் சோர்ந்து, மெலிந்து, மனமுடைந்து போவதைக் கண்ட மனோவைத்திய நிபுணர் விக் என்பவர் 1960-ல் அந்தப் பயத்துக்கே தாது நோய் என்ற பொருளில் ஒரு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. நோய் விந்து போனதால் வந்ததல்ல; போகின்றதே என்று பயப்பட்டதால் வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க, லாட்ஜ் வைத்தியரை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு, இங்கிலீஷ் வைத்தியத்தில் நடப்பதை மறைப்போமேயானால் நாம் நியாயமுள்ளவர்களாக மாட்டோம். ஒரு தேசத்துப் பழமைக்குத் தலை வணங்காதவன், ஒரு மாத்திரைக்கும் காரணம் கேட்காமல் தலை வணங்கக் கூடாது.

1995-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையம் கூட்டிய நிபுணர் கூட்டத்தில் இந்த நோய் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டது. முதலாவது, குளிர் காய்ச்சலோடு திடீரென்று வரும் கிருமி நோய். இரண்டாவது, அதே கிருமி மறைந்து மறைந்து திரும்பி வரும் நாட்பட்ட நோய். மூன்றாவது, கிருமி காணப்படாமல் வலி மாத்திரம் நீடிக்கும் வகை. நான்காவது, வலியே இல்லாமல் வேறு காரியத்திற்காகச் சோதிக்கும்போது தற்செயலாய்த் தெரியும் வீக்கம். வலியென்று நாட்பட வருகின்றவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் மூன்றாவது வகையைச் சேர்ந்தவர்கள். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிருமி என்று காட்டக் கூடியது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் நடப்பதென்ன? மூத்திரத்தைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பாமலே, கிருமியைக் கொல்லும் மாத்திரையைப் பத்து நாள், பிறகு இன்னொரு பத்து நாள், பிறகு வேறொரு மாத்திரை ஒரு மாதம் என்று எழுதிக் கொடுப்பதே பல இடங்களில் வழக்கமாய் இருக்கின்றது.

இந்த வழக்கம் சோதிக்கப்படாமல் போகவில்லை. நாட்பட்ட இடுப்புக்குழி வலியுள்ள 196 பேரை எடுத்துக் கொண்டு, சிலருக்குக் கிருமியைக் கொல்லும் சிப்ரோஃப்ளாக்சசினும், சிலருக்கு மூத்திரத் தடையைத் தளர்த்தும் டாம்சுலோசினும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத பொய் மாத்திரையும், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் 6 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான முடிவு என்னவென்றால், மருந்து சாப்பிட்டவர்கள் பொய் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சொல்லத்தக்க அளவில் அதிகம் குணமடையவில்லை என்பதேயாகும். பழைய நோயாளிகளாகையால் மருந்து பிடிக்கவில்லையோ என்று, புதிதாய் நோய் கண்ட 272 பேருக்கு அல்ஃபுசோசின் என்னும் மருந்தை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் அதன் முடிவும் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 49 பேர் சொச்சம் தேறினார்கள். பொய் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் அதே 49 பேர் சொச்சமே தேறினார்கள். இன்னும் ஒரு வேடிக்கை: இந்த வலியுள்ளவர்களிடத்தில் 100-க்கு 8 பேருக்குப் புராஸ்டேட் நீரில் கிருமி காணப்பட்டதென்றால், வலியே இல்லாத ஆண்களைச் சோதித்த போதும் அவர்களிலும் 100-க்கு 8 பேருக்குக் கிருமி காணப்பட்டது. இது 2003-ல் வெளிவந்த சங்கதி. ஆகவே கிருமி இருந்த மாத்திரத்திலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் தசைநார் அறுந்து போகக் கூடும் என்று அமெரிக்க அரசாங்க மருந்து இலாகா 2008-ல் கட்டம் கட்டி எச்சரித்திருக்கின்றது. கிருமி உள்ளவனுக்கு அந்த மருந்து உயிர் காக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. இல்லாத கிருமிக்கு மருந்து தருவதும், இல்லாத பேய்க்கு வேப்பிலை அடிப்பதும் ஒன்றேதான் என்கின்றோம்.

தோழர்களே! மேலே சொன்ன 49 என்ற எண்ணை மறந்துவிட வேண்டாம். இந்த ஒரு எண்ணிலேயே நாட்டில் நடக்கும் வைத்தியப் புரட்டு முழுவதும் அடங்கியிருக்கின்றது. இந்த நோயின் சுபாவம் ஏறுவதும் இறங்குவதுமாகும். வலி தாங்க முடியாத உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் வைத்தியரைத் தேடுகின்றான். உச்சத்திலிருந்து அது தானே இறங்கத்தான் செய்யும். அன்றியும், ஒருவர் நம் வலியைக் காது கொடுத்துக் கேட்டு ஏதோ செய்கின்றார் என்ற தைரியமும் வலியைக் குறைக்கின்றது. ஆகையால் மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தாலும் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறிவிடுகின்றார்கள். அந்தப் பாதிப் பேர் லேகியம் சாப்பிட்டிருந்தால் லேகியத்தின் மகிமை. நேர்ந்து கொண்டிருந்தால் சாமியின் மகிமை. தாயத்துக் கட்டியிருந்தால் தாயத்தின் மகிமை. தேறாத மற்ற பாதிப் பேரோ வெட்கத்தால் வெளியில் சொல்லுவதில்லை. பிறகு வைத்தியருக்கு நற்சாட்சிப் பத்திரம் கிடைக்காமல் வேறென்ன கிடைக்கும்? “எனக்குக் குணமாயிற்றே” என்று ஒருவர் சொன்னால் அவர் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. குணமானது நிஜம், குணமாக்கியது அந்த மருந்துதானா என்பதே கேள்வி. பொய் மாத்திரையோடு நிறுத்திப் பார்த்துத் தேறாத வரையில் எந்த மருந்துக்கும் அந்தப் பெருமையைக் கொடுப்பதற்கில்லை.

அப்படியானால் வலிக்குக் காரணம்தான் என்ன, வழிதான் என்ன என்று கேட்கலாம். இடுப்புக் குழியின் அடியில், மூத்திரப் பையையும் குடலையும் தாங்கிக் கொண்டு ஒரு தசைப் படுகை இருக்கின்றது. இந்த நோயுள்ளவர்களில் பலருக்கு அந்தத் தசைகள் ஓயாமல் இறுகிக் கிடப்பதும், தொட்டால் நோவதும் சோதனையில் தெரிகின்றது. வலி வந்தால் பயம். பயம் வந்தால் தசை இறுகும். இறுகினால் மேலும் வலி. இப்படிச் செக்கு மாடு போல் சுற்றுகின்றது. நாட்பட்ட வலியில் நரம்புகளும் மூளையும் சிறு உணர்ச்சியைக் கூடப் பெரிய வலியாக உணரப் பழகிவிடுகின்றன. ஆகவே வலி பொய்யல்ல, மனப்பிராந்தி அல்ல, ஆனால் சுரப்பி ஒன்றை மாத்திரம் பார்த்து வைத்தியம் செய்தால் தீருவதும் அல்ல.

ஆகவேதான் 2009-ல் ஷோஸ்கஸ், நிக்கல் முதலிய டாக்டர்கள், நோயாளி ஒவ்வொருவரையும் ஆறு விதத்தில் பார்க்க வேண்டுமென்று ஒரு முறை வகுத்தார்கள். நீர் போவதில் தொல்லை உண்டா? மனக் கவலையும் சோர்வும் உண்டா? சுரப்பியிலேயே நோவு உண்டா? கிருமி உண்டா? உடம்பில் வேறு இடங்களிலும் நாட்பட்ட வலி உண்டா? இடுப்புத் தசை நோகின்றதா? எது உண்டோ அதற்கு மாத்திரம் வைத்தியம். இம்முறைப்படி 100 பேருக்குச் செய்து பார்த்ததில் 84 பேர் நன்றாய்த் தேறினார்கள் என்று 2010-ல் எழுதினார்கள். ஆனால் நாம் லேகியத்துக்கு வைத்த அளவுகோலை இதற்கும் வைக்க வேண்டுமல்லவா? இந்தச் சோதனையில் பொய் வைத்தியம் பெற்ற எதிர்க் கட்சி கிடையாது. ஆதலால் 84 என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆள் பார்த்து வைத்தியம் செய்வது அறிவுக்குப் பொருத்தமானது என்ற மட்டில் ஏற்றுக் கொண்டால் போதும்.

எதிர்க் கட்சி வைத்துச் சோதித்தவைகளும் உண்டு. இத்தாலியில், உட்கார்ந்தே வேலை செய்து வந்த 103 ஆண்களை எடுத்து, ஒரு பாதிக்கு மூச்சு வாங்கும்படியான நடையும் உடற்பயிற்சியும், மறு பாதிக்கு வெறும் கை கால் நீட்டும் பயிற்சியும் 18 வாரம் கொடுத்ததில், நடந்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது என்று 2007-ல் வெளியாயிற்று. இறுகிய இடுப்புத் தசைகளைக் கையால் பதமாய்த் தளர்த்தும் சிகிச்சையை ஆணும் பெண்ணுமாய் 47 பேரிடம் செய்த ஒரு சிறு சோதனையில், அதைப் பெற்றவர்களில் 100-க்கு 57 பேரும், சாதாரண உடற்பிடிப்புப் பெற்றவர்களில் 21 பேரும் தேறினார்கள் என்று 2009-ல் வெளியாயிற்று. சீனாவில் 440 ஆண்களுக்கு 8 வாரத்தில் 20 தடவை ஊசி குத்தும் வைத்தியம் செய்ததில், மெய்யாய்க் குத்தப்பட்டவர்களில் 100-க்கு 60 பேரும், பொய்யாய்க் குத்தப்பட்டவர்களில் 36 பேரும் தேறினார்கள் என்று 2021-ல் வெளியாயிற்று. ஊசி குத்துவது பழைய சீன வைத்தியமாயிற்றே, பகுத்தறிவுக்காரர்கள் இதை ஒப்புக் கொள்ளலாமா என்று சிலர் கேட்கக் கூடும். பழையது என்பதற்காக எதையும் நாம் தள்ளவில்லை. புதியது என்பதற்காக எதையும் கொள்ளவுமில்லை. சோதனைக்கு நின்றதா என்பதே நமது கேள்வி. நம் நாட்டு லேகியங்களும் இப்படிச் சோதனைக்கு வந்து நின்று தேறுமானால் அவைகளையும் மனதார ஏற்றுக் கொள்ளுவோம். வரத் தயாரா?

இனி, இவ்வலியுள்ள தோழர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாய்ச் சொல்லுகின்றோம்.

குளிர் காய்ச்சலோடு வலி வந்தாலும், நீர் அடைத்துக் கொண்டாலும், மூத்திரத்தில் இரத்தம் கண்டாலும் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவைகளை வெட்கத்தால் மறைப்பது உயிருக்கே ஆபத்தாகக் கூடும். இவைகள் இல்லாத நாட்பட்ட வலியானால், மூத்திரத்தைக் கிருமிச் சோதனை செய்ததுண்டா என்று டாக்டரைக் கூசாமல் கேட்க வேண்டும். சோதனையில் கிருமி கண்டால், அவர் சொல்லும் வாரங்கள் முழுவதும் மருந்தை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். கிருமி இல்லையென்றால், திரும்பத் திரும்ப அதே மாத்திரை எதற்கு என்று கேட்க வேண்டும். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல, உடம்பு நம்முடையது. இடுப்புத் தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிக்காரர் இருக்கின்றாரா என்று விசாரிக்க வேண்டும். இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கும் பயிற்சியைத் தானாகவே செய்யக் கூடாது. தளர்த்தப் பழகுவதே வேண்டியது. வெதுவெதுப்பான நீரில் உட்காருவதும், தினமும் நடப்பதும், நெடு நேரம் ஒரே இருப்பாய் உட்காராமல் எழுந்து உலாவுவதும் பலருக்கு இதம் தருகின்றன. சாராயமோ, காப்பியோ, காரமோ தொல்லையைக் கூட்டுவதாகக் கண்டால் அதை விட்டுவிட வேண்டும். கண்டவர்கள் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் விட்டுப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மனச் சோர்வு மிஞ்சினால் மனோவைத்தியரைப் பார்ப்பதும் இந்த வைத்தியத்தில் ஒரு பாகமேயன்றி அவமானமல்ல. ஒரே வாரத்தில் குணம் என்று எவன் சொல்லுகின்றானோ அவனை அன்றைக்கே விட்டு விலக வேண்டும்.

மனைவியிடமும் சொல்ல வேண்டும் என்பதை முக்கியமாய்ச் சொல்லுகின்றோம். காரணம் தெரியாமல் கணவன் விலகிப் படுத்தால், அவள் தன்னிடத்தில் குற்றமென்றோ, அவனிடத்தில் வேறு தொடர்பென்றோ நினைத்து வீணாய் வேதனைப்படுகின்றாள். கிருமியில்லாத இந்த வலி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதல்ல. கெட்ட நடத்தையின் அடையாளமும் அல்ல. ஆண்மை போய்விட்டதென்ற அர்த்தமும் அல்ல. ஆண்பிள்ளை வலியைச் சொல்லக் கூடாது என்பதும், பெண்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்பதும் ஒரே அடிமைத்தனத்தின் இரண்டு பக்கங்களேயாகும்.

சர்க்காருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. ஆண்மை விருத்தி செய்வதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது. சட்டம் ஏற்பட்டு 70 வருஷத்துக்கு மேலாகியும், பஸ் நிலையத்துச் சுவர் முதல் கைப்பேசித் திரை வரையில் அந்த விளம்பரங்கள் இல்லாத இடமில்லை. ஏமாந்தவன் புகார் கொடுப்பதில்லை. கொடுத்தால் தன் நோய் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகின்றான். ஆகவே அந்தப் புரட்டர்களுக்குக் காவல் நிற்பது போலீசின் அசட்டை மாத்திரமல்ல, நம்முடைய வெட்கமுமேயாகும்.

ஆகவே தோழர்களே! கால் வலிக்கின்றது என்று சொல்லுவது போல, இடுப்புக் குழி வலிக்கின்றது என்று சொல்லப் பழகுங்கள். உங்கள் வீட்டு வாலிபன் ஒருவன் முகம் வாடித் தனியே உட்கார்ந்திருந்தால், பரிகாசம் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் இப்படி நான்கு பேர் வெளிப்படையாய்ப் பேசத் துணிந்துவிட்டால், லாட்ஜ் வைத்தியருக்கு அந்த ஊரில் அறை வாடகைக்குக் கூட வரும்படி கிடைக்காது என்பது நமது உறுதி.